ஹோம் மேட்ச் எந்த ஊர்ல? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஆப்கானிஸ்தான் ஃபுட்பால் பத்தி சும்மா ரெண்டு வரி எழுதினேன், அதுக்கு இவ்ளோ கேள்வி வந்து குவியும்னு சத்தியமா நினைக்கல. அதனால இந்த வாரம் பூரா அதுவேதான். மத்த கேள்வி அனுப்பினவங்க கோச்சுக்காம அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கங்க.

கேள்வி: ஆப்கானிஸ்தான்னா ரஷித் கான் பேரு சின்னப் பிள்ளைக்குக் கூட தெரியுது. ஃபுட்பால்ல அப்படி பேர் சொல்ற மாதிரி ஒரு ஸ்ட்ரைக்கர் கூடவா இல்ல?

இருக்காங்க சார், நமக்குத்தான் தெரியல. தெரியாததுக்கும் காரணம் இருக்கு.

கிரிக்கெட்டும் ஃபுட்பாலும் அந்த நாட்டுக்குள்ள வந்த ரூட்டே வேற. 1979 கடைசில சோவியத் படை உள்ள வந்தப்புறம் லட்சக்கணக்கான குடும்பங்க பாகிஸ்தான் பக்கம் ஓடினாங்க, பெஷாவர் சுத்துவட்டார அகதி முகாம்ல வளர்ந்த பசங்க அங்க இருந்தவங்களைப் பாத்து கிரிக்கெட் கத்துக்கிட்டாங்க, அது அப்படியே திரும்பி ஊருக்கு வந்துச்சு. ஃபுட்பால் அதுக்கு ரொம்ப முன்னாடியே காபூல்ல இருந்த ஆட்டம். 1941லயே ஈரானை காபூலுக்குக் கூப்பிட்டு 0-0 டிரா பண்ணியிருக்காங்க, 1948 லண்டன் ஒலிம்பிக்ஸுக்குப் போய் லக்சம்பர்க்கிட்ட 6-0 வாங்கியிருக்காங்க, 1954ல ஆசிய ஃபுட்பால் கூட்டமைப்பு ஆரம்பிச்சப்ப மொத வரிசையில உக்காந்த நாடுகள்ல இதுவும் ஒண்ணு. அப்புறம் 1984ல நின்னுச்சு. திரும்ப வெளிநாட்டு டீமோட ஆடினது 2002ல. நடுவுல பதினெட்டு வருஷம். ஒரு ஸ்ட்ரைக்கரோட மொத்த கெரியரும் முடிஞ்சு, அவர் பையன் பிளஸ் டூ முடிக்கிற காலம் அது.

திரும்பி வந்த கதையும் சொல்றேன், சிரிக்கக் கூடாது. 2002 புசான் ஏசியன் கேம்ஸ், மூணு மேட்ச், ஈரான்கிட்ட 10, கத்தார்கிட்ட 11, லெபனான்கிட்ட 11, மொத்தம் முப்பத்திரண்டு கோல் வாங்கினாங்க, அடிச்சது பூஜ்யம். அடுத்த வருஷமே காத்மாண்டுல கிர்கிஸ்தானை 2-1ன்னு ஜெயிச்சாங்க, அதான் விட்டுப் போன ஆட்டத்தை மறுபடி ஆரம்பிச்சப்புறம் கிடைச்ச மொத வெற்றி.

இப்ப நீங்க கேட்ட ஸ்ட்ரைக்கர். சஞ்சர் அஹ்மதின்னு ஒருத்தர், காபூல்ல பிறந்து ஜெர்மனில ஹாம்பர்க் பக்கம் வளர்ந்தவர். 2013 ஆகஸ்ட் 20ஆம் தேதி காபூல்ல பாகிஸ்தானோட ஒரு நட்பு ஆட்டம், பத்து வருஷம் கழிச்சு காபூல் பாக்குற மொத இன்டர்நேஷனல் மேட்ச், அதுலயும் பாகிஸ்தான் டீம் காபூல் வந்து ஆடினது 1977க்கு அப்புறம் அன்னிக்குத்தான். 3-0ன்னு ஜெயிச்சாங்க, மொத கோல் சஞ்சர். மூணே வாரம் கழிச்சு காத்மாண்டுல தெற்காசிய சாம்பியன்ஷிப், அதாங்க சாஃப் கப், செமிஃபைனல்ல நேபாளத்தை அவங்க ஊர்லயே 1-0ன்னு அடிச்சாங்க, அந்த ஒரே கோலும் சஞ்சர். செப்டம்பர் 11 ஃபைனல்ல எதிர்ல இந்தியா. ஒம்பதாவது நிமிஷம் முஸ்தஃபா அசத்சோய் ஒண்ணு, 62ஆவது நிமிஷம் சஞ்சர் இன்னொண்ணு. 2-0. ஆப்கானிஸ்தான் ஃபுட்பால் வரலாற்றுலயே மொத கோப்பை.

அன்னிக்கு ராத்திரி காபூல் தெருவுல ஜனம் கொட்டிருச்சு, துப்பாக்கியை வானத்தைப் பாத்து சுட்டுக் கொண்டாடினாங்க, அந்த ஊர்ல பல வருஷமா துப்பாக்கிச் சத்தம் கேட்டா வீட்டுக்குள்ள ஓடித்தான் பழக்கம், அன்னிக்கு வெளிய ஓடி வந்தாங்க. அந்த வருஷம் ஃபிஃபாவோட ஃபேர் பிளே விருதும் ஆப்கன் சம்மேளனத்துக்குத்தான் போச்சு.

அதுக்கப்புறம் சஞ்சர் என்ன பண்ணாருன்னு கேட்டா அதுலதான் உங்க கேள்விக்கு பதில் இருக்கு. ஜெர்மனிக்குத் திரும்பிப் போய் அவரோட கீழ்மட்ட லீக்ல ஆடினாரு. ஐபிஎல் மாதிரி ஏலம் கிடையாது, விளம்பரம் கிடையாது. அதே டோர்னமென்ட்ல சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கின கோல்கீப்பர் மன்சூர் ஃபகீர்யார், செமிஃபைனல்ல ரெண்டு பெனால்டியைப் பிடிச்சவர், அவரும் அப்ப ஓல்டன்பர்க்ல நாலாவது டிவிஷன் கிளப். ஜெர்மனில நாலாவது, அஞ்சாவது டிவிஷன்னா சம்பளம் வரும், ஆனா அதை மட்டும் நம்பி குடும்பம் நடத்துறவங்க கம்மி, நெறைய பேர் பகல்ல வேற வேலை, சாயங்காலம் டிரெய்னிங். ரஷித் கான் உலகத்துல எந்த லீக்ல ஆடினாலும் நம்ம டிவில வரும். சஞ்சரைப் பாக்கணும்னா ஹாம்பர்க் பக்கத்துல ஏதோ ஒரு கிரவுண்டுல வேலியோரம் நின்னுதான் பாக்கணும்.

கேள்வி: டீம்ல பாதிக்கு மேல ஜெர்மனி, ஹாலந்து, ஸ்வீடன்ல வளர்ந்தவங்கதானாமே. இது ஆப்கானிஸ்தான் டீமா, ஐரோப்பிய டீமா? கொஞ்சம் சீட்டிங் மாதிரி இல்ல?

சீட்டிங்லாம் ஒண்ணும் இல்லீங்க. பிளேயர் அங்க பிறந்திருந்தாலோ, அப்பா அம்மா, தாத்தா பாட்டி யாராவது அங்க பிறந்திருந்தாலோ, கையில குடியுரிமையும் இருந்தா அந்த நாட்டுக்கு ஆடலாம்ங்கிறது ஃபிஃபா விதி. இவங்கள்ல பல பேர் காபூல்லயே பிறந்தவங்க, கைக்குழந்தையா தூக்கிட்டு ஓடினாங்க, அவ்ளோதான். ஊரை விட்டுப் போனது அவங்க செலக்ஷன் இல்லையே.

இதுல ஒரு வீட்டுக் கதை இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. அமீரின்னு ஒரு குடும்பம். நதீம் அமீரி ஜெர்மனில லுட்விக்ஸ்ஹாஃபன்ல பிறந்த மிட்ஃபீல்டர், ஹோஃபன்ஹைம், லெவர்குசன், மைன்ஸ்னு பெரிய கிளப்புல ஆடி 2019ல ஜெர்மனி தேசிய டீம் சட்டையையே போட்டாரு, அர்ஜென்டினாவோட மேட்ச். அவரோட கசின் சுபைர் அமீரி ஃபார்வர்டு, அவர் ஆப்கானிஸ்தானுக்கு ஆடினாரு. ஒருத்தருக்கு ஜெர்மனியோட டாப் லீக் புண்டஸ்லிகா ஸ்டேடியம், இன்னொருத்தருக்கு சாஃப் கப். யாரு செலக்ஷன் சரின்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா சுபைர் பேரு நமக்கு நல்லா ஞாபகம் இருக்கணும், ஏன்னா ரெண்டு தடவை நம்ம வயித்துல புளியைக் கரைச்சவர் அவர்தான். 2016 ஜனவரி 3, திருவனந்தபுரம், சாஃப் ஃபைனல், 70ஆவது நிமிஷம் அமீரி கோல் அடிச்சு நம்ம ஸ்டேடியத்தையே அமைதியாக்கினாரு, நல்ல வேளை ரெண்டு நிமிஷத்துல நம்ம ஜேஜே ஈக்வலைஸ் பண்ணாரு, எக்ஸ்ட்ரா டைம்ல 101ஆவது நிமிஷம் நம்ம கேப்டன் சுனில் சேத்ரி முடிச்சு வெச்சாரு. அடுத்தது 2022 ஜூன், கொல்கத்தா, ஏசியன் கப் குவாலிஃபையர், 86ல சேத்ரி ஃப்ரீகிக் போட்டு நம்ம ஆளுங்க டான்ஸ் ஆடிட்டு இருக்கும்போதே 88ல அமீரி தலையால முட்டி சமன் பண்ணிட்டாரு. நம்ம சஹல் மட்டும் கடைசில வந்து ஜெயிக்கிற கோலைப் போடலைன்னா அன்னிக்கு நான் டின்னர் சாப்பிட்டிருக்க மாட்டேன்.

அந்த திருவனந்தபுரம் டோர்னமென்ட்டோட டாப் ஸ்கோரரும் ஆப்கன் ஃபார்வர்டுதான், கைபர் அமானி, நாலு கோல், அவரும் காபூல்ல பிறந்து ஜெர்மனில ஆடினவர். அதோட ஆப்கானிஸ்தான் சாஃபை விட்டுட்டு மத்திய ஆசிய கூட்டமைப்புக்குப் போயிருச்சு. நமக்கு அது ஒரு விதத்துல நிம்மதி, ஒரு விதத்துல நஷ்டம், 2011, 2013, 2016ன்னு வரிசையா மூணு ஃபைனல் இவங்களோடதான ஆடினோம், அந்த மாதிரி ஒரு எதிரி சாஃப்ல நமக்கு அமையறது கஷ்டம்.

கேள்வி: 2011 டெல்லி ஃபைனல்ல 4-0ன்னு அடிச்சோமே, அப்ப அவங்க ஃபார்வர்டு லைன் அவ்ளோ வீக்கா?

வீக்கெல்லாம் இல்ல. அந்த டோர்னமென்ட்ல பூடானை எட்டு கோல் அடிச்ச டீம் அது. நார்வேயில வளர்ந்த பலால் ஆரேசுன்னு ஒரு ஸ்ட்ரைக்கர், செமிஃபைனல்ல நேபாளத்துக்கு எதிரா எக்ஸ்ட்ரா டைம்ல ஒத்தை கோல் போட்டு ஃபைனலுக்குக் கூட்டிட்டு வந்தவர். ஃபைனல்ல எழுவது நிமிஷம் வரைக்கும் ஸ்கோர் 0-0தான், பாதிப் பேருக்கு இது மறந்தே போச்சு. அப்ப ஒரு பெனால்டி குடுத்தாங்க, அந்தத் தகராறுல அவங்க கோல்கீப்பருக்கு ரெட் கார்டு, அதுக்கப்புறம் பத்து பேரோட என்ன பண்ண முடியும். நாலு கோலும் கடைசி இருபது நிமிஷ சமாச்சாரம். ரெண்டு வருஷம் கழிச்சு காத்மாண்டுல வட்டியோட திருப்பிக் குடுத்தாங்க.

கேள்வி: ஆப்கானிஸ்தானுக்கு ஹோம் மேட்ச்னா எங்க நடக்கும்? காபூல்லயா?

துஷன்பே. தெஹ்ரான். அப்ஹா. இந்த லிஸ்ட்ல காபூலைத் தேடாதீங்க.

2003 நவம்பர்ல உலகக் கோப்பை குவாலிஃபையர் ஒண்ணு காபூல்ல நடந்துச்சு, துர்க்மெனிஸ்தான்கிட்ட 2-0 தோல்வி, அதுக்கு நாலு நாள் முன்னாடி அஷ்காபாத்ல வாங்கின 11-0வுக்கு அது எவ்ளோவோ பரவாயில்ல. அப்புறம் அந்த 2013 பாகிஸ்தான் மேட்ச். பாதுகாப்புக் காரணத்தால பெரிய மேட்செல்லாம் பக்கத்து நாட்டுல. 2015ல ஜப்பானை இவங்க 'சொந்த ஊர்ல' சந்திச்சது தெஹ்ரான்ல, 6-0. 2019ல நம்மளோட 1-1 டிரா ஆனது தஜிகிஸ்தான் தலைநகர் துஷன்பேல, 2024ல நம்மளோட 0-0 சவூதில அப்ஹால.

ஒரு ஃபார்வர்டுக்கு இது என்ன பண்ணும்னு யோசிச்சுப் பாருங்க. காபூல் கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்துல இருக்கு. அங்கயே டிரெய்னிங் பண்ணி ஆடினா எதிர் டீமுக்கு அறுபதாவது நிமிஷம் மூச்சு வாங்க ஆரம்பிக்கும், அது சும்மா கிடைக்கிற பன்னிரண்டாவது ஆள். கூடவே ஊர் ஜனம் கத்துற கத்து வேற. அது ரெண்டுமே இல்லாம, ஹாம்பர்க்ல இருந்து ஒருத்தன், ஸ்டாக்ஹோம்ல இருந்து ஒருத்தன், பிரிஸ்பேன்ல இருந்து ஒருத்தன்னு ஆளாளுக்கு ஃபிளைட் ஏறி வந்து, ரெண்டு மூணு நாள் சேர்ந்து பந்து உதைச்சுட்டு, பாதி காலியான ஸ்டேடியத்துல இறங்குறாங்க. விங்கர் எப்ப கிராஸ் போடுவான்னு ஸ்ட்ரைக்கருக்குப் பழகவே ஒரு மாசம் வேணும். டீம் பஸ்ல டாரி, பஷ்டு, ஜெர்மன், டச்சு, இங்கிலீஷ் எல்லாம் ஓடும், ஒருத்தன் சொன்ன ஜோக்குக்கு இன்னொருத்தன் சிரிக்க ரெண்டு மொழிபெயர்ப்பு வேணும்.

இன்னொரு விஷயம், டோர்னமென்ட் ஃபிஃபா காலண்டர்ல குறிச்ச தேதிக்கு வெளிய நடந்தா கிளப் பிளேயரை அனுப்பியே ஆகணும்னு கட்டாயம் இல்ல. கீழ் டிவிஷன் கிளப் சின்ன டீம் வெச்சு ஓட்டுறது, அவங்ககிட்ட போய் ரெண்டு வாரம் லீவு குடுங்க காத்மாண்டு போறேன்னா கோச் ஒரு மாதிரிதான் பாப்பாரு.

2021ல தாலிபான் ஆட்சியைப் பிடிச்சப்புறமும் இந்த டீம் பழைய கறுப்பு சிவப்பு பச்சை கொடியோடதான் களத்துல இறங்குது. உள்ள ஆள்றவங்க கொடி வேற. அதனால அந்தக் கொடி உலகத்துல இன்னும் அதிகாரபூர்வமா பறக்குற ரொம்பக் கொஞ்ச இடங்கள்ல இந்த அந்நிய ஊர் ஹோம் மேட்சும் ஒண்ணு.

கேள்வி: கவுகாத்தில சேத்ரியோட 150ஆவது மேட்ச்ல ஆப்கானிஸ்தான்கிட்ட தோத்தோமே, அந்த வலி இன்னும் போகல. அப்படி என்னதான் நடந்துச்சு?

வலி உங்களுக்கு மட்டுமா. 2024 மார்ச் 26. சேத்ரி 38ஆவது நிமிஷம் பெனால்டில கோல் அடிச்சாரு, ஸ்கிரிப்ட் எழுதின மாதிரி இருந்துச்சு. 70ல ரஹ்மத் அக்பரி அடிச்சது நம்ம ஆள் மேல பட்டு உள்ள போச்சு, 88ல ஷரீஃப் முகமது பெனால்டி, 2-1.

நான் சொல்ல வர்றது என்னன்னா, அன்னிக்கு வந்தது ஆப்கானிஸ்தானோட முழு டீமே கிடையாது. சம்மேளனத்துல ஊழல்னு குற்றம் சாட்டி சீனியர் பிளேயர்ஸ் ஒரு பெரிய கூட்டமே ஆட மாட்டோம்னு ஒதுங்கியிருந்தாங்க, பதினெட்டு பேர்னு அப்ப செய்தி வந்துச்சு. மிச்சம் இருந்தவங்களை வெச்சு கோச் ஆஷ்லி வெஸ்ட்வுட் ஒப்பேத்தினாரு. அவரு யாரு, பெங்களூரு எஃப்சியோட பழைய கோச், சேத்ரியை வருஷக்கணக்கா பக்கத்துல இருந்து பாத்தவர். ஷரீஃப் யாரு, கோகுலம் கேரளா கிளப்புக்கு கேப்டனா இருந்து நம்ம ஊர் ஐலீக் ஜெயிச்சுக் குடுத்தவர். நம்ம ஊர் தண்ணி குடிச்சவங்களே நம்மளைக் கவுத்துட்டாங்க. கோல் அடிச்ச ரெண்டு பேருமே ஸ்ட்ரைக்கர் கிடையாது, மிட்ஃபீல்டர்ஸ். கோல் போடுற ஃபார்வர்டு அவங்களுக்கு எவ்ளோ தட்டுப்பாடுன்னு இதுலயே தெரியும்.

கேள்வி: சென்னையின் எஃப்சில ஆடின மசிஹ் சைகானி ஃபார்வர்டுதான?

இல்லீங்க, அந்த ஆப்கன்காரர் டிஃபெண்டர். 2019-20 சீசன்ல சென்னையின் ஃபைனல் வரைக்கும் போனப்ப டீம்ல இருந்தாரு. ஆனா உங்க சந்தேகத்துலயும் நியாயம் இருக்கு, மனுஷன் கோல் போடுவாரு. அதுக்கு முந்தின சீசன் பங்களாதேஷ் கிளப் டாக்கா அபஹானிக்காக கவுகாத்தில வந்து, மினர்வா பஞ்சாபுக்கு எதிரா இஞ்சுரி டைம்ல ஒண்ணு போட்டு அபஹானியை ஆசிய கிளப்புகளோட ஏஎஃப்சி கப் அடுத்த ரவுண்டுக்கே கூட்டிட்டுப் போனவர். ஆப்கானிஸ்தானுக்கும் கவுகாத்திக்கும் ஏதோ பூர்வ ஜென்ம பந்தம் இருக்கு.

கேள்வி: ஆப்கானிஸ்தான் உள்ளயே இருக்குற ஒரு பையன் புரஃபஷனல் ஃபார்வர்டு ஆகணும்னா வழி இருக்கா? லீக் ஏதாவது?

2012ல ஒண்ணு ஆரம்பிச்சாங்க, ஆப்கன் பிரிமியர் லீக். அதை ஆரம்பிச்ச விதம்தான் வேடிக்கை. பிளேயரை செலக்ட் பண்ண டிவில ஒரு ரியாலிட்டி ஷோ, பேரு 'மைதானே சப்ஸ்', பச்சை மைதானம்னு அர்த்தம். பாட்டுப் போட்டி மாதிரியேதான், நாடு பூரா இருந்து பசங்க வந்து டெஸ்ட்ல கலந்துக்குவாங்க, ஜட்ஜ் உக்காந்து பாப்பாங்க, ஜனம் ஓட்டுப் போடும். அப்படி எட்டு ஏரியாவுக்கு எட்டு டீம். டீம் பேரெல்லாம் கேளுங்க, காபூல் டீம் 'ஷாஹின் அஸ்மாயி', அஸ்மாயி மலையோட ராஜாளி. ஹெராத் டீம் 'தூஃபான் ஹரிருத்', ஹரிருத் ஆத்துப் புயல். மொத வருஷம் ஜெயிச்சது இந்தப் புயல்தான். ஊருக்கு ஊரு சண்டை போட்டுக்கிட்டு இருந்த நாட்டுல மலை பேரும் ஆத்து பேரும் வெச்சாங்க பாருங்க, அந்த ஐடியா குடுத்த ஆள் யாரோ, கெட்டிக்காரர்.

ஆனா மேட்ச் அத்தனையும் காபூல்ல ஒரே கிரவுண்டுல. சீசனோ ஒரு சில வாரத்துல முடிஞ்சு போச்சு. வருஷத்துல அந்தக் கொஞ்ச நாள் ஆடிட்டு மிச்ச மாசம் பூரா என்ன பண்றது, எப்படி ஃபார்ம் இருந்திருக்கும்? இருந்தும் அந்தப் பக்கத்துல இருந்தும் ஆள் வந்தாங்க, 2013 பாகிஸ்தான் மேட்ச்ல சஞ்சருக்கு அடுத்த கோல் போட்ட ஹஷ்மதுல்லா பரக்சாய் உள்ளூர்லயே ஆடி வந்த ஃபார்வர்டு. ஹாம்பர்க் பையனும் காபூல் பையனும் ஒரே மேட்ச்ல ஆளுக்கொரு கோல், அந்த டீம் ஜெயிச்சதுக்கு இதைவிட ஒரு போட்டோ வேணாம்.

2021ல ஆட்சி மாறினப்ப நெறைய பிளேயர்ஸ் வெளிய போயிட்டாங்க. அந்த ஆகஸ்ட்ல காபூல் ஏர்போர்ட்ல கிளம்பின அமெரிக்க பிளேன்ல தொத்திக்கிட்டு விழுந்து செத்தவங்கள்ல ஒரு பையன் தேசிய இளையோர் டீம்ல ஆடினவன். அதுக்கு மேல அதைப் பத்தி எழுத எனக்குக் கை வரல.

கேள்வி: காபூல் ஸ்டேடியத்துல தாலிபான் மரண தண்டனை குடுத்தாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை. அந்த ஸ்டேடியம் பேரு காஸி (Ghazi), 1920கள்ல ராஜா அமானுல்லா கான் காலத்துல கட்டினது. 1996ல இருந்து 2001 வரைக்கும் அங்கதான் வெச்சு ஜனங்க முன்னாடி தண்டனை குடுத்தாங்க. அப்புறம் புதுசா செயற்கைப் புல் போட்டு 2011 டிசம்பர்ல திரும்பத் திறந்தாங்க. பிரிமியர் லீக் நடந்தது இது இல்ல, பக்கத்துலயே இருக்குற சம்மேளனத்தோட சின்ன கிரவுண்டு.

கேள்வி: நாடியா நதீமை ஆப்கன் பிளேயர்னு சொல்லணுமா, டென்மார்க் பிளேயர்னு சொல்லணுமா? எங்க ரூம்ல பெரிய சண்டை.

சண்டை போடுங்க, தப்பில்ல, ஃபிஃபாவே இந்தக் கேள்வில கொஞ்ச நாள் தடுமாறுச்சு.

ஹெராத்ல 1988ல பிறந்தவங்க. அப்பா ஆப்கன் ராணுவ ஜெனரல், 2000ல தாலிபான் கொன்னுட்டாங்க. அம்மாவும் அஞ்சு பொண்ணுங்களும், வீட்டுல ஆம்பளை இல்லாம பொம்பளைங்க வெளிய போகவே முடியாத காலம் அது. அம்மா இருக்குறதெல்லாம் வித்துட்டு கள்ள பாஸ்போர்ட்ல பாகிஸ்தான், அங்க இருந்து இத்தாலி, அங்க இருந்து ஒரு லாரி. லண்டன் போறோம்னு நினைச்சு ஏறியிருக்காங்க. லாரி நின்னு இறங்கிப் பாத்தா பிக் பென்னும் இல்ல ஒண்ணும் இல்ல, சுத்தி மரம். வழில போனவர்கிட்ட கேட்டா டென்மார்க்னு சொல்லியிருக்காரு. ஒரு லாரிக்காரன் வேற பக்கம் ஸ்டியரிங் திருப்பியிருந்தா இங்கிலாந்துக்கு ஒரு ஸ்ட்ரைக்கர் கிடைச்சிருப்பாங்க.

அகதி முகாமுக்குப் பக்கத்துல ஒரு ஃபுட்பால் கிளப், அங்க பொண்ணுங்க ஆடுறதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துதான் ஆசை வந்துச்சு. அப்பா முன்னாடியே வீட்டுக்கு ஒரு பந்து வாங்கிக் குடுத்திருக்காரு, ஆனா பொண்ணுங்க டீமா சேர்ந்து கிரவுண்டுல ஓடுறதைப் பாத்தது அங்கதான்.

பதினெட்டு வயசுல டேனிஷ் குடியுரிமை வந்துச்சு. அப்ப ஃபிஃபா விதி என்னன்னா, பிறப்பாலயோ பெத்தவங்க வழியாவோ சம்பந்தம் இல்லாத நாட்டுக்கு ஆடணும்னா பதினெட்டு வயசுக்கு அப்புறம் அஞ்சு வருஷம் அங்க வாழ்ந்திருக்கணும். சின்ன வயசுலயே அகதியா வந்து அங்கயே வளர்ந்த பொண்ணுக்கு இது எப்படிப் பொருந்தும்னு டென்மார்க் சம்மேளனம் வாதாடிச்சு, ஃபிஃபா விலக்கு குடுத்துச்சு. 2009ல போர்ச்சுகல்ல நடந்த அல்கார்வ் கப்ல அமெரிக்காவோட மொத மேட்ச். குடியுரிமை வாங்கி டென்மார்க் சீனியர் டீமுக்கு ஆடின மொத ஆளே இவங்கதான்.

கிளப் கெரியர் கேட்டா தலை சுத்தும். ஃபோர்ச்சுனா ஹியோரிங்னு டென்மார்க் கிளப்ல இருந்தப்ப சாம்பியன்ஸ் லீக்ல மொத மேட்ச்லயே கிளாஸ்கோ சிட்டிக்கு எதிரா ரெண்டு கோல். 2014ல அமெரிக்கா போய் ஸ்கை புளூ கிளப்புக்கு ஆறே மேட்ச்ல ஏழு கோல். அங்கயே போர்ட்லண்ட் கிளப்போட 2017 லீக் சாம்பியன்ஷிப். அப்புறம் மான்செஸ்டர் சிட்டி. பாரிஸ் போய் 2021ல பிஎஸ்ஜியோட பிரெஞ்சு லீக் ஜெயிச்சாங்க, அது சாதாரணம் இல்ல, அதுக்கு முன்னாடி லியோன் தொடர்ந்து பதினாலு வருஷம் அந்தக் கப்பை யாருக்கும் விட்டுக் குடுக்கல.

எனக்கு இவங்கன்னா ஞாபகம் வர்றது 2017 யூரோ குவார்ட்டர் ஃபைனல்தான். ராட்டர்டாம்ல சனிக்கிழமை ராத்திரி நடக்க வேண்டிய மேட்ச், பேய் மழை, மைதானம் குளம், ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்குத் தள்ளி வெச்சாங்க. எதிர்ல ஜெர்மனி, தொடர்ந்து ஆறு யூரோ ஜெயிச்சவங்க. மூணாவது நிமிஷமே ஜெர்மனி கோல். செகண்ட் ஹாஃப் ஆரம்பிச்சு நாலு நிமிஷம், கிராஸ் வருது, நாடியா எம்பித் தலையால ஒரு முட்டு, 1-1. அங்க இருந்து ஜெர்மனி எழுந்திருக்கவே இல்ல, 83ல இன்னொரு கோல், முடிஞ்சது. ஃபைனல்ல ஹாலந்துக்கு எதிரா ஆறாவது நிமிஷமே பெனால்டில கோல் போட்டு லீடு குடுத்தவங்களும் இவங்கதான், கடைசில 4-2ன்னு தோத்துட்டாங்க.

இவ்ளோக்கும் நடுவுல மெடிக்கல் படிச்சிருக்காங்க, 2022ல டாக்டர் ஆயிட்டாங்க. நான் ஒரு பத்தி எழுதறதுக்கே நாலு தடவை டீ குடிக்க எழுந்துக்கறேன். கத்தார் உலகக் கோப்பைக்கு தூதரா இருந்தாங்கன்னு டென்மார்க்லயே நிறைய பேர் திட்டினாங்க, அது எனக்கும் உறுத்தல்தான், மறைக்கல. ஆனா ஆட்டத்தை மட்டும் வெச்சு சொன்னா, ஆம்பளை பொம்பளை எல்லாரையும் சேர்த்து, ஆப்கான் மண்ணுல பிறந்த பெஸ்ட் ஃபார்வர்டு இவங்கதான். அந்தக் கோல் எல்லாம் டென்மார்க் கணக்குல இருக்கு. ரூம்ல ரெண்டு பக்கமும் ஜெயிச்சதா வெச்சுக்கங்க.

கேள்வி: எனக்கு 15 வயசு, ஸ்கூல் டீம்ல ஃபார்வர்டு. ஆப்கானிஸ்தான்ல என் வயசு பொண்ணுங்க இப்ப ஃபுட்பால் ஆடுறாங்களா?

உள்ள ஆட முடியாதும்மா, விடல. 2007ல காலிதா பொபல் மாதிரி சில பொண்ணுங்க சேர்ந்து மகளிர் தேசிய டீமை உருவாக்கினாங்க. வெளிய இருந்தும் தொல்லை, உள்ள இருந்தும் தொல்லை, சம்மேளனத் தலைவரா இருந்த கெரமுதீன் கரீமையே பிளேயர்ஸ் மேல நடத்தின பாலியல் கொடுமைக்காக 2019ல ஃபிஃபா ஆயுசுக்கும் தடை பண்ணுச்சு. 2021ல காபூல் விழுந்தப்ப பொபல் வெளிநாட்டுல இருந்து சொன்ன மொத வார்த்தை, சோஷியல் மீடியால இருக்குற போட்டோவை எல்லாம் அழிங்க, ஜெர்சியை எரிங்கன்னு. வருஷக்கணக்கா 'பயப்படாம முகத்தைக் காட்டுங்க'ன்னு சொல்லிட்டு இருந்தவங்க அவங்க.

நெறைய பேர் ஆஸ்திரேலியா போனாங்க, மெல்போர்ன் விக்டரி கிளப் 2022ல இருந்து இவங்களுக்கு டீம் வெச்சுக் குடுத்துச்சு, அங்க லோக்கல் லீக்ல ஆடினாங்க. ஆனா நாட்டு டீம்னு ஃபிஃபா ஒத்துக்கல, ஏன்னா அப்ப காபூல்ல இருக்குற சம்மேளனம் பேர் குடுக்க வேண்டியிருந்துச்சு, அது குடுக்கல. நாலு வருஷம் கத்தி, 2025ல ஃபிஃபா அகதி டீம் ஒண்ணுக்கு அனுமதி குடுத்துச்சு, பேரு 'ஆப்கன் விமன் யுனைடெட்'. அந்த வருஷம் மொராக்கோல மூணு மேட்ச் ஆடினாங்க. மொதல்ல ஆப்பிரிக்க நாடு சாட், 6-1 தோல்வி, அந்த ஒரு கோலை பெனால்டில போட்டது மனோஜ் நூரின்னு ஒரு பொண்ணு. அப்புறம் துனிசியா, 4-0 தோல்வி. மூணாவது லிபியா.

லிபியாவை எத்தனை அடிச்சாங்க தெரியுமா? ஏழு. பதிலுக்கு ஒண்ணு கூட வாங்கல. யூடியூப்ல தேடிப் பாரு, ஆனா பரீட்சை முடிஞ்சப்புறம்.